யு இல்லாத கியூ: ஸ்கிராபிள் ஆடுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆங்கிலத்தில் கியூ என்ற எழுத்தை அடுத்து யு வராத சொற்களைக் குறித்து எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தை ஆடும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தமிழில் எழுதும்போது ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ஆங்கில எழுத்துகளை டைகர் டி, டாக் டி என்று பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் அண்மையில்தான் ஆடத் தொடங்கியிருக்கிறேன். கியூ கைக்கு வந்து யு வராவிட்டால் ஆட்டமே நின்றுவிடுகிறது. எந்தச் சொல்லை முதலில் கற்க வேண்டும்?

பதில்: மொத்தமுள்ள 100 கட்டைகளில் கியூ ஒன்றுதான், யு நான்குதான். ஆனால் ஐ ஒன்பது இருக்கின்றன. ஆகவே கியூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளால் ஆன 'சீ' என்ற சொல்லை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். சீன மருத்துவத்திலும் தற்காப்புக் கலைகளிலும் பேசப்படும் உயிராற்றலை இது குறிக்கிறது. 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் எழுத்துமுறையில் அந்த ஒலிக்குக் கியூ ஒதுக்கப்பட்டதால் இந்த வடிவம் ஆங்கிலத்துக்குள் வந்தது. போட்டிகளில் ஏற்கப்படும் சொற்களுக்கான வட அமெரிக்கப் பட்டியலில் இது 2006இல்தான் சேர்க்கப்பட்டது.

இதன் மதிப்பை ஒரு நிலையை வைத்துக் காட்டுகிறேன். பலகையில் குறுக்காக 'டாக்சி' என்ற சொல் இருக்கிறது. அதன் கடைசி எழுத்தான ஐக்கு நேர் மேலே எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டம் காலியாக உள்ளது என்று கொள்ளுங்கள். அங்கே கியூவையும் அதற்கு வலப்புறம் இன்னோர் ஐயையும் வைத்தால், குறுக்கே ஒரு 'சீ', நெடுக்கே ஒரு 'சீ' என இரண்டு சொற்கள் அமைகின்றன. கியூவின் மதிப்பு 10, அது மும்மடங்காகி 30; ஐக்கு 1. ஆக ஒவ்வொன்றுக்கும் 31 வீதம், இரண்டே கட்டைகளில் 62 புள்ளிகள் கிடைத்துவிடும்.

கேள்வி: கியூவுக்குப் பின் யு வர வேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: மத்தியதரைக் கடலோரத்தில் வாழ்ந்த பண்டைய மக்களான பினீசியரின் கோஃப் என்ற எழுத்து கிரேக்கத்தில் கோப்பா ஆகி, லத்தீனில் கியூ ஆயிற்று. லத்தீன் மொழியில் ககர ஒலிக்கு மூன்று எழுத்துகள் இருந்தன. அவற்றுள் கியூவை யு ஒலிக்கு முன் மட்டும் எழுதும் பழக்கம் நிலைத்தது. பழைய ஆங்கிலத்தில் 'குவீன்' என்ற சொல்லைக்கூட சி, டபிள்யூ என்றுதான் தொடங்கினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்களால் அது மெல்ல மெல்லக் கியூ, யு என்று மாறியது. கோஃப் என்ற அந்தப் பழைய பெயரே எபிரேய நெடுங்கணக்கின் பத்தொன்பதாம் எழுத்துக்கு இன்றும் வழங்குகிறது. யு இல்லாத சொற்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: பட்டியலை எத்தனை முறை படித்தாலும் மறந்துவிடுகிறது. பொருளையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா? போட்டியில் பொருளை யாரும் கேட்பதில்லையே?

பதில்: கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆயினும் பொருளோடு படிப்பவருக்குத்தான் சொல் தங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதிலும் தமிழர்களாகிய நமக்கு இந்தப் பட்டியலில் பாதி முன்பே தெரிந்த சொற்கள். அரபு மொழியில் நாம் சொல்லும் ககரத்தைத் தவிர, உள்நாக்கருகே ஒலிக்கும் இன்னொரு ககரமும் உண்டு. அந்த ஆழ்ந்த ஒலியைத்தான் ஆங்கிலத்தில் கியூவால் குறித்தார்கள். புர்கா, நிகாப், தலாக், தொழுகைத் திசையாகிய கிப்லா, கவ்வாலி ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது அந்த எழுத்தே.

எஃப், ஏ, கியூ, ஐ, ஆர் என்ற சொல் நம் ஊர்ப் பக்கிரிதான். அரபியில் ஏழை என்று பொருள். டபிள்யூ, ஏ, கியூ, எஃப் என்பது வக்ஃபு, அதாவது அறப்பணிக்கென ஒதுக்கப்பட்ட சொத்து. போட்டிகளில் ஏற்கப்படும் இன்னொரு சொற்பட்டியலான காலின்ஸ் பட்டியலில் இருக்கும் இச்சொல், பெருக்கக் கட்டம் எதுவும் இல்லாமலே 19 புள்ளி தரும். கியூ, ஏ, டாக் டி, ஐ என்று அடுக்கினால் காஜி. தமிழ்நாட்டில் ரமலான் பிறையை அறிவிக்கும் தலைமை காஜியை அறியாதவர் குறைவு. அதே நான்கு கட்டைகளைக் கியூ, ஏ, ஐ, டாக் டி என்று மாற்றினால் தலைவர் என்று பொருள்படும் காயித் கிடைக்கிறது. முகம்மது இஸ்மாயில் அவர்களைக் 'காயிதே மில்லத்' என்று அழைத்தோமே, அந்தக் காயித் இதுதான். ஆனால் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இடையில் ஒரு யு சேர்ப்பது வழக்கமாதலால், பலகையில் குழம்பிவிடாமல் நான்கெழுத்து வடிவத்தையே மனத்தில் வையுங்கள்.

சமையலறையிலும் ஒரு சொல் உண்டு. குருமாவுக்குக் கே வடிவத்தோடு கியூ வடிவமும் காலின்ஸ் பட்டியலில் இருக்கிறது. கபாபுக்கு அப்படி இல்லை. அது அரபியிலேயே சாதாரண ககரத்தில் தொடங்கும் சொல்.

கேள்வி: எதிராளி கியூ, ஏ, என், ஏ, டைகர் டி என்று வைத்தார். செல்லும் என்று நடுவர் சொன்னார். அதன் பொருள் என்ன?

பதில்: கனாத். பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த சொல். மழை குறைந்த பாரசீக நிலத்தில், மலையடிவாரத்தில் ஆழமாக ஒரு தாய்க்கிணறு தோண்டி, அங்குள்ள நிலத்தடி நீரைக் கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுரங்க வாய்க்கால் வழியே ஊருக்குக் கொண்டுவருவார்கள். வாய்க்கால் மிக மெல்லிய சரிவில் அமைந்திருப்பதால், இறைக்கும் வேலை இல்லாமல் நீர் தானாகவே வந்து சேரும். நிலத்துக்கடியில் ஓடுவதால் வெயிலில் ஆவியாவதும் குறைவு. மண்ணை வெளியே எடுக்கவும் பின்னாளில் தூர் வாரவும் இடையிடையே செங்குத்தான குழிகள் உண்டு. அவற்றின் வாய்கள் வானிலிருந்து பார்க்கும்போது ஒரே வரிசையில் தெரியும். 2016இல் ஈரானின் 11 கனாத்துகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கர்நாடகத்தின் பீதர் நகரில் பாமினி சுல்தான்கள் காலத்தில் இதே முறையில் அமைத்த கரேஸ் இன்றும் இருக்கிறது.

கேள்வி: ஈராக், கத்தார், குவாண்டாஸ் ஆகியவற்றை வைக்கலாமா?

பதில்: கூடாது. முதலிரண்டும் நாட்டின் பெயர்கள். மூன்றாவது, ஆஸ்திரேலிய விமான நிறுவனத்தின் முழுப்பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர்.

கேள்வி: இவற்றில் ஆங்கிலத்திலேயே பிறந்த சொல் ஒன்றுகூட இல்லையா?

பதில்: இரண்டைச் சொல்லலாம். அமைதியூட்டும் மருந்தைக் குறிக்கும் டிராங்குவிலைசர் என்ற நீண்ட சொல்லை யுவுக்கு முன்பே வெட்டியதால் 'டிராங்க்' வந்தது. மற்றொன்று 'குவெர்ட்டி', தட்டச்சு விசைப்பலகையின் மேல்வரிசை முதல் ஆறு எழுத்துகள். தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கிய ஷோல்ஸ் வகுத்த அந்த வரிசை 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தின் இயந்திரத்தோடு சந்தைக்கு வந்தது.

கேள்வி: கடைசி வரை கியூவை வைத்திருப்பது நல்லதா, மாற்றிவிடுவது நல்லதா?

பதில்: கையில் ஐயும் இல்லை, பலகையில் திறந்த ஐயும் இல்லை, ஏயோடு சேர்த்து வைக்கவும் வழியில்லை என்றால் தொடக்கத்திலேயே அதைப் பையில் போட்டு வேறு கட்டைக்கு மாற்றிவிடுங்கள். ஒரு முறை வீணாகும். ஆனால் கியூவைத் தாங்கிக்கொண்டு கையிலுள்ள மற்ற ஆறு எழுத்துகளோடு ஐந்தாறு முறை ஆடுவதைவிட அந்த இழப்பு சிறியது. பையில் ஏழு கட்டைகளுக்குக் குறைவாக இருந்தால் மாற்ற விதி இடம் தராது. எதிராளி முடித்துவிட்டபோது கியூ உங்களிடம் தங்கியிருந்தால், வீட்டு ஆட்ட விதிப்படி உங்களுக்குப் பத்து குறைந்து அவருக்குப் பத்து கூடும். ஆகவே பையில் பதினைந்து கட்டைகள் அளவில் மிஞ்சியிருக்கும்போதே, ஐயை ஒட்டிய காலிக் கட்டம் பலகையில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். கியூ இன்னும் வெளிவரவில்லை என்றால், எதிராளியும் அதே கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.