வட்டியில்லாத கடனின் வட்டி

கேள்வி: ஒட்டுசுட்டானில் 3 ஏக்கரில் கச்சான் (நிலக்கடலை) மட்டுமே செய்கிறோம். ஒவ்வொரு காலபோகத்துக்கும் என் கணவருக்கு அண்ணன் முறையான ஒரு வியாபாரி வட்டியில்லாமல் 2 இலட்சம் முற்பணம் தருவார். விளைச்சல் முழுவதையும் அவருக்கே கொடுக்க வேண்டும். சந்தை விலையில் கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்து எடுப்பார். நல்ல வருடத்தில் 2,000 கிலோ வரும், ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கனடாவிலுள்ள தம்பி 2 இலட்சம் அனுப்பியிருக்கிறான். வாசனைப் பிசினுக்காக வல்லப்பட்டை மரம் வளர்க்கும் முதலீட்டுத் திட்டத்தில் போடலாமா?

பதில்: வல்லப்பட்டையைப் பிறகு பார்ப்போம், சகோதரி. 2,000 கிலோவை 40 ரூபாயால் பெருக்குங்கள். 80,000. ஐந்து மாதத்துக்கு 2 இலட்சம் தந்தவர் எடுத்துக்கொள்வது அது. நூற்றுக்கு 40! அடகுக்கடைக்காரர்கூட இப்படிக் கேட்க மாட்டார்.

காசு மட்டும் போகவில்லை. அவர் கச்சானுக்குத்தான் முற்பணம் தருகிறார், அதனால் மூன்று ஏக்கரிலும் கச்சான். உங்கள் காணியில் என்ன விதைப்பது என்பதை அந்தக் கடன்தான் தீர்மானிக்கிறது. ஊரே ஒரே நேரத்தில் பிடுங்கி விலை விழும்போதும் உங்களிடம் விற்க வேறு பொருள் இல்லை. 1869இல் மலையகத்தில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. கோப்பியை மட்டும் நம்பிக் கடன்பட்ட தோட்டங்கள் அழிந்தன. அவற்றுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் விழுந்தது. வங்கிக்கே அந்தக் கதி என்றால் உங்கள் மூன்று ஏக்கர் எம்மாத்திரம்?

தம்பியின் காசை உங்களுக்கு நீங்களே கொடுக்கும் முற்பணமாக வையுங்கள். மிஞ்சும் 80,000ஐ எந்த வல்லப்பட்டை ஐந்து மாதத்தில் தரும்? மரம் வளர்ந்து, பிசின் பிடித்து, வாங்க ஆள் வரும்வரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க உங்களிடம் காசில்லை. விளம்பரத்தில் வரும் இலாபத்துக்கு யார் பொறுப்பு என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

வரும் போகத்தில் கச்சானை இரண்டு ஏக்கரோடு நிறுத்துங்கள். மற்ற ஏக்கரில் உழுந்து போடலாம். கச்சான் பிடுங்கிய நிலத்தில் பங்குனி மழைக்கு எள்ளு விதைத்தால் செலவும் குறைவு, காட்டுப்பன்றித் தொல்லையும் குறைவு. செலவு சுருங்குவதால் 2 இலட்சமும் தேவைப்படாது. மிச்சத்தை வங்கியில் தனியே போட்டுவிட்டுத் தொடாதீர்கள். 2018 மார்கழி வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அண்ணர் கோபிப்பார் என்று பயப்படுவீர்கள். கோபிக்கட்டும். பழைய பாக்கி இருந்தால் காசாகத் தீர்த்துவிடுங்கள். அப்புறம், சந்தை விலை தந்தால் அவருக்கே முதலில் தருவோம் என்று உங்கள் கணவரே போய்ச் சொல்லட்டும். விற்குமுன் அடுத்த போகத்து விதையைக் கோதோடு காயவைத்து எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசியில் விதைக்காகத் திரும்பவும் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டிவரும்.