பழைய பிக்அப்புக்குப் பின் ஆக்சில் மாற்றலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1970 செவ்ரோலே சி-10 பிக்அப் இருக்கிறது. 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், எஸ்.எம். 465 நாலு கியர் பெட்டி, பின்னால் காயில் ஸ்பிரிங். ஐ-10 நெடுஞ்சாலையில் சான் அன்டோனியோ போகும்போது 70 மைல் வேகத்தைத் தொட்டால் இன்ஜின் அலறுகிறது. பின் ஆக்சிலை மாற்றினால் அடங்கிவிடும் என்கிறார்கள். எதைப் போடுவது சார்?
- வாசகர், ஹூஸ்டன்

பதில்: மாற்றலாம், ஆனால் இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு டாலர்கூடச் செலவு செய்யாதீர்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் நல்ல கட்டையாகப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு (அது பின் சக்கரத்தைத்தானே பிடிக்கிறது), ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அந்தச் சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் நீளத் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் உங்கள் ஆக்சில் விகிதம். இந்த எண் குறையக் குறைய, அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும். நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் 4.11, அதாவது ஷாஃப்ட் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியனில் 9 பல், அது சுற்றுகிற பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 37 பல். நீங்கள் சொல்லும் சத்தத்துக்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும். சக்கரம் சுற்றவே மறுத்தால் லிமிடெட் ஸ்லிப் வகை (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல விடாதது) என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஒரே ஒரு சுற்றுக்கு எண்ணினால் போதும்.

அப்புறம் கணக்கு. டயர் 28 அங்குல உயரம் என்றால், மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்கி, மறுபடி 12ஆல் பெருக்குங்கள். டாப் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று வந்துவிடும். 4.11 ஆக்சிலில் 70 மைலுக்குச் சுமார் 3,450 சுற்று. பலர் ஆசையாகத் தேடிப்போகிற 3.73ஐப் போட்டாலும் 3,130தான். அந்த முந்நூறு சொச்சம் சுற்றுக்காக ஒரு ஆக்சிலையே கழற்றி மாட்டுவது என் பார்வையில் வீண் வேலை. 3.08 போட்டால் 2,590க்கு இறங்கும், அதுதான் நீங்கள் கேட்கிற நிம்மதி.

ஆறு சிலிண்டர் இவ்வளவு தூரம் இழுக்குமா என்று பயப்பட வேண்டாம். 250 இன்ஜின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும், நீங்கள் போகும் பாதையிலும் பெரிய ஏற்றம் கிடையாது. அதோடு உங்கள் பெட்டியின் முதல் கியர் விகிதம் 6.55, பாரம் இழுக்கவென்றே இருக்கிற கியர். இதுவரை அதைத் தொடாமல் செகண்டிலேயே கிளப்பியிருப்பீர்கள், இனிமேல் பாரம் ஏற்றிய நாட்களில் அதற்கும் வேலை வரும், அவ்வளவுதான். தினமும் டிரெய்லர் கட்டி இழுப்பவராக இருந்தால் மட்டும் 3.08 வேண்டாம், 4.11ஐ அப்படியே விட்டுவிட்டு ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) உள்ள கியர் பெட்டிக்குப் பணம் சேருங்கள்.

எங்கே தேடுவது? 1967 முதல் 1972 வரை வந்த, காயில் ஸ்பிரிங் உள்ள சி-10இன் 12 போல்ட் ஆக்சிலை (பின் மூடியில் 12 போல்ட் இருக்கும்) முழுசாக வாங்குங்கள். யு போல்ட், குறுக்குக் கம்பி எல்லாம் அதே இடத்தில் உட்காரும். ஆனால் ஒன்று, 1970 வரை சக்கரத்துக்கு ஆறு நட், 1971இலிருந்து ஐந்து. தெரியாமல் ஐந்து நட் ஆக்சிலை வாங்கி மாட்டிவிட்டால் முன்னால் ஒரு வகைச் சக்கரம் பின்னால் ஒரு வகை, ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் உதவும். 1973க்குப் பிந்தைய வண்டிகளில் பட்டை ஸ்பிரிங், அந்த ஆக்சிலுக்கு வெல்டிங் வேலை செய்ய வேண்டும், பினியன் கோணம் கொஞ்சம் பிசகினாலும் ஷாஃப்ட் அதிரும்.

உங்கள் ஆக்சிலுக்குள்ளேயே 3.08 பல் செட் வாங்கிப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். 4.11க்கான கேரியரில் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு) அது பொருந்தாது, கேரியரும் வாங்க வேண்டும், பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்து ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைக்கத் தெரிந்த கை வேண்டும். முழு ஆக்சிலே மேல். வண்டிக்கு அடியில் தூக்கும் முன் ஆயில் சீல், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், மேலே இருக்கிற காற்றுத் துவாரத்தையும் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் புது சீலும் ஒழுகும்.

கேள்வி: 1966 ஃபோர்டு எஃப்-100 வைத்திருக்கிறேன். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியின் 8.8 அங்குல ஆக்சில் டிஸ்க் பிரேக்கோடு மலிவாகக் கிடைக்கிறது. நெடுஞ்சாலைக்கு நல்லதா?
- வாசகர், நியூஜெர்சி

பதில்: டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் சரி, நெடுஞ்சாலைக்கு என்றால் வேண்டாம். அதில் பெரும்பாலும் 3.55, 3.73, 4.10தான் வரும். அகலம் குறைவு, சக்கர நட் வட்டம் நாலரை அங்குலம், உங்களுடையது ஐந்தரை. உங்கள் வண்டியில் 9 அங்குல ஆக்சில் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். பின்பக்கம் மூடியும் போல்ட்டும் இல்லாமல் வழவழவென்று இருந்து, நட்டெல்லாம் முன்பக்கம் இருந்தால் அதுதான். அப்படியென்றால் ஆக்சிலை இறக்கவே வேண்டியதில்லை. இரண்டு அரை ஷாஃப்ட்டையும் வெளியே இழுத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் முன்னால் கழற்றி, 3.00 அல்லது 3.25 விகிதத்தில் இன்னொன்றை மாட்டலாம். அரை ஷாஃப்ட்டின் உள் முனையில் உள்ள பல் வரிகள் 28ஆ 31ஆ என்று எண்ணிவிட்டு வாங்குங்கள். கீழே இருக்கிற நட்டுகளுக்கு சாக்கெட் நுழையாது, ஸ்பேனர்தான்.

கேள்வி: 4.11ஐ 3.08ஆக மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. ஏன்?
- வாசகர், டல்லாஸ்

பதில்: அதற்கான கேபிள் கியர் பெட்டியின் வால் பக்கத்திலிருந்து வருகிறது, அதே வேகத்துக்கு அங்கே இப்போது சுற்று குறைந்துவிட்டது. உண்மையில் 60 மைல் போகும்போது முள் 45இல் நிற்கும். முள் 60ஐக் காட்டினால் நீங்கள் 80இல் பறக்கிறீர்கள். கேபிள் நுழையும் இடத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் கியரை பல் குறைந்ததாக மாற்ற வேண்டும், அதிலும் அடங்காவிட்டால் கேபிளுக்கு நடுவில் விகிதம் மாற்றும் சிறு பெட்டி கிடைக்கிறது. அதுவரை போனில் ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டுங்கள்.