பெரிய கப்பலா, சின்னக் கப்பலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உல்லாசக் கப்பல் பயணம் வாங்குவது பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதற்குப் பின் வந்த கடிதங்களைச் சுருக்கி, ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாக்கி, இங்கே தருகிறேன்.

கேள்வி: திருமணத்தின் 35ஆம் ஆண்டு நிறைவுக்கு மனைவியுடன் மத்தியதரைக் கடலில் பத்து இரவுகள் பயணம் செய்ய எண்ணம். பெரிய கப்பலில் பால்கனி அறைக்கு ஒருவருக்கு 1,60,000 ரூபாய் என்கிறார்கள். 600 பேர் மட்டும் ஏறும் கப்பலில், ‘எல்லாம் அடக்கம்’ என்று சொல்லி, 4,10,000 ரூபாய். இருவருக்கும் மதுப் பழக்கம் இல்லை. இரண்டரை மடங்கு கொடுத்து என்ன கிடைக்கப் போகிறது? (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கோவை)

பதில்: வங்கியில் இருந்தவர் நீங்கள், இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கவே கூடாது. பெரிய கப்பலின் தொகை நுழைவுச் சீட்டுக்கானது மட்டுமே. பணியாளர் டிப்ஸ் என்று ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் ஏறும். இணைய இணைப்புக்குத் தனிப் பணம், சில உணவகங்களுக்குத் தனிப் பணம், துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்க அவர்கள் ஏற்பாடு செய்யும் பஸ்ஸுக்குத் தனிப் பணம். ஆறு துறைமுகங்களில் தலைக்கு நூறு டாலர் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலரை ஒட்டி வந்துவிடும். அதாவது 85,000 ரூபாய்க்குக் குறையாது. ஆக உங்கள் 1,60,000 என்பது உண்மையில் 2,45,000. மறுபக்கம், ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பொருள் மாறுகிறது. ரீஜென்ட் செவன் சீஸ் நிறுவனத்தின் கட்டணத்தில் கரைச் சுற்றுலாவும் அடங்கும். சீபோர்ன் நிறுவனத்தில் மதுவும் டிப்ஸும் அடங்கும், கரைச் சுற்றுலா பொதுவாக அடங்காது. உங்களிடம் உள்ள தாளில் ‘கரைச் சுற்றுலா’ என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுற்றுலாச் செலவு இரு பக்கமும் ஏறும்.

மிச்சமுள்ள வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்றால், முதலாவதாக இடம். கப்பலின் டன் கணக்கு எடையைக் குறிப்பதன்று, உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தின் அளவைக் குறிப்பது. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவரின் பங்கு தெரியும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து பயணிகளுடன் புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற பெரிய கப்பல் 2,48,663 டன், அறைக்கு இருவர் என்று வைத்தால் 5,610 பேர், வகுத்தால் 44. சீபோர்ன் என்கோர் என்ற சின்னக் கப்பல் ஏறத்தாழ 41,800 டன், 600 பேர், வகுத்தால் 70. சாப்பாட்டுக்கு வரிசை உண்டா, நீச்சல் குளத்தருகே நாற்காலி கிடைக்குமா என்பதையெல்லாம் விளம்பரப் படத்தைவிட இந்த வகுத்தல் நன்றாகச் சொல்லும். அதிலும், ஐகானில் குழந்தைகளோடு அறைகள் நிரம்பினால் 7,600 பேர் வரை ஏறலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவதாகச் சிறு துறைமுகங்கள், சின்னக் கப்பல் அங்கெல்லாம் நுழையும் என்பார்கள். இதில் ஏமாற வேண்டாம். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை வெனிஸில் சான் மார்கோ சதுக்கத்துக்கு முன்னால் உள்ள நீர்ப்பாதையில் இத்தாலி அரசு அனுமதிப்பதில்லை. நீங்கள் ‘சின்னக் கப்பல்’ என்று நினைக்கும் 41,000 டன் கப்பலும் இந்தத் தடையில் அகப்படும். பயணத் திட்டத்தில் வெனிஸ் என்று அச்சிட்டு, ரவென்னா என்ற வேறொரு துறைமுகத்தில் இறக்கினால், அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்தத் துறைமுகத்தில் கட்டுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்றாவதாக மது. ‘எல்லாம் அடக்கம்’ கப்பலில் மது குடிக்காத தம்பதி, பக்கத்து மேசைக்காரரின் ஷாம்பெயினுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, மதுவைக் காட்டி விற்காமல் ஊர் பார்ப்பதைக் காட்டி விற்கும் நடுத்தரக் கப்பல். வைக்கிங் நிறுவனத்தின் கடற்கப்பல்களில் 930 பேர் அளவில்தான் ஏறுகிறார்கள், சூதாட்டக்கூடம் கிடையாது, ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலாவும் இணையமும் கட்டணத்தில் அடங்கும். உங்கள் இரண்டு தொகைகளோடு மூன்றாவதாக அதன் விலையையும் கேட்டு வைத்து, டிப்ஸைச் சேர்த்து, இரவுகளால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: பெரிய கப்பலில் கூட்டம் அதிகமாக இருக்குமா? (திருச்சி)

பதில்: ஐயாயிரம் பேர் ஏறும் கப்பலில் ஐயாயிரம் பேர் இருப்பார்கள்.

கேள்வி: இரண்டு பேரக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, அமைதியான, உயர்தரமான சிறிய கப்பலில் போக ஆசை. குழந்தைகளுக்கு வயது 7, 11. (மதுரை)

பதில்: வேண்டாம். வைக்கிங் கப்பலில் 18 வயது நிரம்பாதவர்களை ஏற்றுவதே இல்லை. ஏற்றிக்கொள்ளும் உயர்தரக் கப்பல்கள் பலவற்றிலும் குழந்தைகளுக்கென்று இடமோ ஆளோ இருப்பதில்லை. நீங்கள் தேடும் அமைதியை உங்கள் பேரக்குழந்தைகளே கலைப்பார்கள், அதற்கு நீங்கள் மூன்று மடங்கு பணமும் கட்டியிருப்பீர்கள். நீர்ச்சறுக்கும் குழந்தைகள் மன்றமும் உள்ள பெரிய கப்பலை வாங்குங்கள். அந்தப் பணத்துக்கு அதுவே நல்ல சரக்கு.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுகள் குடும்பத்துடன் சென்று வந்தோம். கடைசி நாள் கணக்கில் டிப்ஸ் என்று நான்கு பேருக்கும், குழந்தைகள் உட்பட, பெரிய தொகை. நாங்கள் யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. நீக்கச் சொல்லியிருக்கலாமா? (சிங்கப்பூர்)

பதில்: சில நிறுவனங்களில் வரவேற்பு மேசையில் கேட்டால் நீக்குவார்கள். நீக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது, அந்தக் கோபம் எனக்குப் பல ஆண்டுகளாக இருக்கிறது.

ஒரு சாப்பாட்டுக் கடையில் இட்லி பத்து ரூபாய் என்று பலகையில் எழுதிவிட்டு, சாப்பிட்டு எழுந்ததும், மாவு ஆட்டியவருக்கு மூன்று ரூபாய், இலை எடுத்தவருக்கு இரண்டு ரூபாய் என்று தனியே வசூலித்தால் நாம் அந்தக் கடையில் மறுபடி கால் வைக்க மாட்டோம். கப்பலில் அதையே ‘நன்றியறிதல்’ என்று மென்மையான பெயரிட்டு வாங்குகிறார்கள், நாமும் கட்டுகிறோம். நன்றி என்பது பெறுபவர் மனத்தில் எழுவது. நாளொன்றுக்கு இவ்வளவு டாலர் என்று கணினி தானாகக் கழிப்பது ஊதியம். பயணக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவு பெற்றவை. அறை துடைப்பவரும் பரிமாறுபவரும் பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் போனவர்கள். அவர்கள் கையில் சேரும் பணத்தில் ஒரு பகுதியை விலைப்பட்டியலுக்கு வெளியே தள்ளிவிட்டால் விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரியும். அந்த ஒரு வசதிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். நீங்கள் நீக்கச் சொன்னால் நட்டம் முதலாளிக்கு அன்று, காலை ஆறு மணிக்கு உங்கள் நடைவழியைத் துடைத்தவருக்கு.

மதுக்கூடத்தில் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு கோப்பைக்கும் 18 அல்லது 20 விழுக்காடு முன்னதாகவே சேர்த்த பிறகு, கையெழுத்திடும் சீட்டில் ‘கூடுதல் டிப்ஸ்’ என்று ஒரு வெற்றுக் கோடு இருக்கும். பலர் அதிலும் எழுதித் தருகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் விலையில் காட்டாமல் மறைக்கும் கட்டணங்களுக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அமெரிக்காவில் விற்கும் பெரிய நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் விளம்பர விலைக்குள் கொண்டுவந்தன. டிப்ஸ் மட்டும் இன்னும் வெளியேதான் நிற்கிறது. சிறிய உயர்தர நிறுவனங்களிடம் எனக்குப் பல குறைகள் உண்டு. ஆனால் சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட் போன்றவை டிப்ஸைக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கி விலை சொல்கின்றன என்பதை மறுக்க முடியாது.

கேள்வி: பானங்களுக்கு மொத்தமாக முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம் லாபமா? (சென்னை)

பதில்: எனக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஏழு இரவுப் பயணத்துக்கு அதை வாங்கினேன். அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் மற்ற பெரியவரும் வாங்க வேண்டும் என்ற விதியைப் பணம் கட்டிய பிறகுதான் படித்தேன். என் மனைவி அந்த வாரம் முழுவதும் குடித்தது தண்ணீரும் இலவசத் தேநீரும். நான் இரண்டு பீரும், விலையை ஈடுகட்ட வேண்டுமே என்று வேண்டாத காபிகளும். அதே பயணத்தில், மலிவாகக் கிடைத்தது என்று நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே ஓர் அறை எடுத்திருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேல் நாற்காலிகளை இழுத்து அடுக்கினார்கள். மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். ஆட்டமும் அங்கேதான் குறைவு.

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை செய்கிறேன், இந்திய பாஸ்போர்ட். சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கியிருந்தோம். இரண்டும் அமெரிக்கா என்பதால் கனடா விசா எடுக்கவில்லை. ஏற்ற மறுத்துவிட்டார்கள், பணமும் திரும்பவில்லை. அவர்கள் எச்சரித்திருக்க வேண்டாமா?

பதில்: பயணத் திட்டத்தில் விக்டோரியா என்று ஓர் ஊர் இருந்ததா? அது கனடாவில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டம். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் மாலையில் சில மணி நேரமாவது விக்டோரியாவில் நிற்பது அதனால்தான். ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கான டாலர் கட்டுபவர் ஊர்ப் பட்டியலை ஒருமுறை வரைபடத்தில் பார்த்திருக்கலாம். துறைமுக வரிகள் மட்டும் திரும்பக் கிடைக்க வழியுண்டு, அதை எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: கணவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தனியாகப் போக விரும்புகிறேன். எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் இருவருக்கான கட்டணம் கேட்கிறார்கள். ஒருத்திக்கு ஏன் இரண்டு பேர் பணம்? (டொராண்டோ)

பதில்: அம்மா, விளம்பரத்தில் உள்ள விலை அறையை இருவர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆகும் விலை என்பதுதான் காரணம், அதைப் பொடி எழுத்தில் போட்டு உங்களைப் போன்றவர்களைத் தொலைபேசியில் சங்கடப்படுத்துவது நல்ல வியாபாரம் அல்ல. உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. நார்வீஜியன் குரூஸ் லைன் 2010இல் எபிக் கப்பலில் ஒருவருக்கென்றே சிறு அறைகளைக் கொண்டுவந்தது. நூறு சதுர அடிதான், பெரும்பாலும் சன்னல் இல்லை, ஆனால் தனியாக வந்தவர்கள் கூடிப் பேச ஒரு பொது அறையும் உண்டு. இரண்டாவது, சிறிய உயர்தர நிறுவனங்கள் நிரம்பாத பயணங்களில் தனிநபர் கூடுதல் கட்டணத்தைக் குறைப்பதுண்டு. தேதியில் பிடிவாதம் இல்லையென்றால் அதற்குக் காத்திருங்கள். சில நூறு பேர் உள்ள கப்பலில் மூன்றாம் நாள் எல்லோருக்கும் உங்கள் முகம் தெரிந்திருக்கும். அது உங்களுக்குப் பிடிக்குமா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஐயா, ஒரு முகவர் கடல் தெரியும் பால்கனி அறை என்று விற்றார், ரசீதிலும் அப்படியே எழுதினார். ஏறிய பிறகு கிடைத்தது உள்ளறை, சன்னலே இல்லை. கேட்டால், டிக்கெட்டின் விதிப்படி வெளிநாட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறார். (சேலம்)

பதில்: அவர் உங்களை மிரட்டுகிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை மட்டும் உண்டு: வாஷிங்டன் மாநிலத்துப் பயணி ஒருவர் கப்பலில் விழுந்து காயமடைந்த வழக்கில், டிக்கெட்டில் அச்சிட்டபடி ஃப்ளோரிடாவில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் அது கப்பல் நிறுவனத்தின் மீதான வழக்கு. உங்களிடம் பணம் வாங்கி ரசீது கொடுத்தவர் சேலத்தில் இருக்கிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ரசீது, அறை எண் உள்ள அட்டை, அறையின் புகைப்படம், அவருடைய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இன்றே பத்திரப்படுத்துங்கள். ஆணையத்தின் உத்தரவு கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தைச் சுருக்காமல் போடுகிறேன்.

கேள்வி: பெரிய நிறுவனங்களின் பேராசை பிடிக்காததால் சில்வர்சீ அல்லது சீபோர்ன் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். (பெங்களூரு)

பதில்: சில்வர்சீயின் முதலாளி ராயல் கரீபியன் குழுமம். சீபோர்னின் முதலாளி கார்னிவல்.

கேள்வி: சிறிய உயர்தர நிறுவனத்துக்கு ஓராண்டு முன்னதாகவே முழுப் பணம் கட்டினால் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா? (கொழும்பு)

பதில்: வேண்டாம். மிக உயர்ந்த பெயரோடு இருந்த கிரிஸ்டல் நிறுவனம், தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கடனில் கவிழ்ந்தபோது நின்றுபோனது. எரிபொருள் பாக்கிக்காக அதன் கப்பலைப் பிடிக்க அமெரிக்க நீதிமன்றம் ஆணையிட்டதால், கப்பல் மயாமிக்கு வராமல் பயணிகளை பஹாமாஸில் உள்ள பிமினிக்குக் கொண்டுபோனது. பெயர் பின்னர் வேறு முதலாளியிடம் போய் 2023இல் கப்பல்கள் மீண்டும் ஓடின என்றாலும், முன்பணம் கட்டியவர்கள் பட்ட அலைச்சல் போகாது. முன்பணத்தை மட்டும், அதுவும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். மிச்சத்தைக் கடைசித் தேதியில் கட்டுங்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? வீட்டில் போட்ட மாவடு எடுத்துப் போகலாமா? (தஞ்சாவூர்)

பதில்: பெரிய கப்பலில் இந்தியச் சைவ உணவு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், தினமும் ஒரே குழம்பாக இருக்கலாம். சிறிய கப்பலில் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தால் சமையற்காரர் தனியாகச் செய்வார். ஏறிய பிறகு சொன்னால் வேகவைத்த காய்தான். வீட்டில் செய்த உணவைப் பல நிறுவனங்கள் ஏற்ற அனுமதிப்பதில்லை. முத்திரை உடையாத கடைப் பாட்டில் என்றால் விடுவார்கள். அதையும் துறைமுகத்தில் இறங்கும்போது பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.