பற்றறியைக் கழற்றியதால் அழிந்ததா?

கேள்வி:

மதிப்புக்குரிய அம்மா, 2003 ஆம் ஆண்டு, ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், கனடாவிலிருந்து விசுவமடுவுக்கு வந்த மாமா எங்களுக்குக் கேம் போய் கலர் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றும், பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் போக்கிமொன் ரெட் என்ற விளையாட்டின் கசெற் ஒன்றும் கொண்டுவந்து தந்தார். எனக்கு அப்போது பத்து வயது. பெரியப்பாவின் மகனான அண்ணாவுக்குப் பதினான்கு, என் தங்கைக்கு ஏழு. அண்ணா பல மாதங்கள் விளையாடி நூற்றுக்கு மேற்பட்ட பிராணிகளைச் சேர்த்து வைத்திருந்தார். விளையாட்டில் வரும் துறைமுகத்தில் நிற்கும் லொறிக்குக் கீழே மியூ என்ற அரிய பிராணி ஒளிந்திருக்கிறது என்று மாமாவின் மகன் சொல்லிவிட்டுப் போனதை நம்பி, அண்ணாவுக்குத் தெரியாமல் நான் ஒரு புதிய ஆட்டத்தைத் தொடங்கினேன். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. வாசிக்கத் தெரியாமல் பொத்தானை அழுத்தினேன். அண்ணாவின் ஆட்டம் முழுவதும் போய்விட்டது.

அன்று பின்னேரம், அம்மம்மா செய்தி கேட்பதற்காகத் தங்கை அதிலிருந்த இரண்டு பென்ரோர்ச் பற்றறிகளைக் கழற்றி றேடியோவுக்குப் போட்டிருந்தாள். அதனால்தான் அழிந்தது என்று எல்லோரும் முடிவுசெய்தார்கள். அண்ணா அவளுக்கு அடித்தார். நான் வாய் திறக்கவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா குடும்ப வட்ஸ்அப் குழுவில் இன்றும் அவளைப் “பற்றறிக் கள்ளி” என்று பகிடி பண்ணுவார். அவளோ ரிவி றிமோட்டின் பற்றறியைக் கழற்றுவதென்றாலும், “ஒன்றும் அழியாதே?” என்று கேட்டுவிட்டுத்தான் கழற்றுவாள். இப்போது என் மகன், லொறிக்குக் கீழே ஒன்றுமில்லை, பற்றறியைக் கழற்றினாலும் ஆட்டம் அழியாது என்று யூரியூப்பில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். பிராணியைப் பிடிக்கும் பந்தை எறிந்தவுடன் கீழ் அம்பையும் பி பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பிராணி தப்பாது என்றும், ஆவி வகைப் பிராணிகள் மனோசக்தி வகையை வெல்லும் என்றும் நாங்கள் நம்பியிருந்தோம். நாங்கள் நம்பியவை எல்லாமே முட்டாள்தனமா? இவ்வளவு காலத்துக்குப் பிறகு உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா?

– விசுவமடு வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் மகன் சொன்னது சரி. கேம் போய் கலரில் போடும் இரண்டு பென்ரோர்ச் பற்றறிகளும் அந்தக் கருவியை இயக்குவதற்கு மட்டுமே உரியவை. சேமித்த ஆட்டம் கசெற்றுக்குள் இருக்கும் நினைவகத்தில் கிடக்கிறது, அதைக் காப்பதற்கென்று கசெற்றின் உள்ளேயே நாணய வடிவில் ஒரு சிறிய பற்றறி பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வெளிப் பற்றறியை ஆட்டத்தின் நடுவில் கழற்றினால் கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு விளையாடிய பகுதி மட்டும் போகும், சேமித்து வைத்தது போகாது. ஆகவே உங்கள் தங்கை அன்று எதையும் அழிக்கவில்லை. மற்றெல்லாவற்றையும் பேசுவதற்கு முன்னர் இதை நீங்கள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே முதலில் எழுதுகிறேன்.

அந்தக் கசெற்றில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது புதிய ஆட்டத்தைச் சேமிக்கப் போனால், பழைய பதிவு அழிக்கப்படும், சம்மதமா என்று அது ஒருமுறை கேட்கும். நீங்கள் வாசிக்கத் தெரியாமல் “ஆம்” என்று அழுத்தியது அந்தக் கேள்விக்குத்தான். பத்து வயதில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பிள்ளை சம்மதம் சொன்னதாக நான் கணக்கெடுக்க மாட்டேன். என் பெறாமகனும் இதே விளையாட்டில், அடி நன்றாகப் பலித்தது என்று சொல்லும் வரியிலும் அவ்வளவாகப் பலிக்கவில்லை என்று சொல்லும் வரியிலும் “இஃபெக்டிவ்” என்ற ஒரே சொல் வருவதைக் கண்டு, இரண்டும் பாராட்டுத்தான் என்று எண்ணி, பலிக்காத அடியையே மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தான். அர்த்தம் தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பிக்கொண்டு முன்னே போவதைத் தவிரப் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

நீங்கள் நம்பியவை முட்டாள்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். அல்ல. லொறியின் கதையை எடுத்துப் பாருங்கள். அந்த லொறி உண்மையாகவே இருக்கிறது. வெர்மிலியன் நகரத் துறைமுகத்தில், எஸ்.எஸ். ஆன் என்ற கப்பல் நிற்கும் இடத்துக்கு அருகில், நீந்திப் போனால் மட்டுமே எட்டக்கூடிய ஒரு துண்டு நிலத்தில் அது நிற்கிறது. விளையாட்டில் வேறெங்கும் அப்படியொரு லொறி இல்லை. கப்பலோ, கப்டனிடம் வெட்டும் வித்தையைப் பெற்றுக்கொண்டு நீங்கள் வெளியே நடந்து வந்தவுடன் புறப்பட்டுவிடும், பின்னர் திரும்பாது. நீந்தும் வித்தை கிடைப்பதோ அதற்கு வெகுநாள் கழித்துத்தான். எனவே வித்தையைப் பெற்றபின் கப்பலுக்குள்ளேயே ஒரு சண்டையில் தோற்று, நடந்து வெளியேறாமல் வைத்தியநிலையத்தில் போய் விழிப்பது போன்ற தந்திரம் செய்தவர்களுக்கு மட்டுமே பின்னர் அந்த லொறியைக் காணும் வாய்ப்பு இருந்தது. இவ்வளவு பாடுபட்டு எட்ட வேண்டிய ஓரிடத்தில், வேறெங்கும் இல்லாத ஒரு பொருளைக் காணும் எவருக்கும் அதற்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. உலகத்தின் பல மூலைகளில் இருந்த பிள்ளைகள் இதே கதையை நம்பினார்கள். 2004 இல் வந்த மறுபதிப்பில், அந்த இடத்தைத் தேடி வருபவர்களுக்கென்று தயாரிப்பாளர்களே ஒரு தின்பண்டத்தை வைத்தார்கள்.

மியூவும் பொய்யல்ல. 1996 பெப்ரவரி 27 அன்று ஜப்பானில் இந்த விளையாட்டு வெளிவருவதற்குச் சற்று முன்னர், பிழை திருத்தும் கருவிகளை அகற்றியதால் கசெற்றில் சுமார் 300 பைற் அளவு இடம் மிஞ்சியது. அதற்குள் ஷிகேக்கி மொரிமொட்டோ என்ற நிரலாளர் நூற்று ஐம்பத்தோராவது பிராணியாக மியூவைச் சேர்த்துவிட்டார். விளையாடுபவர் எவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது இருக்கவில்லை. பின்னர் அதே ஆண்டில் ஒரு ஜப்பானியச் சிறுவர் சஞ்சிகை நடத்திய போட்டியில் 20 பேருக்கு மட்டும் அது வழங்கப்பட்டது. நீங்கள் கையில் வைத்திருந்த கசெற்றுக்குள் மியூ இருந்தது, தம்பி. அந்த லொறிக்குக் கீழே மட்டும் இருக்கவில்லை. நீங்கள் அதைத் தேடிய 2003 ஆம் ஆண்டளவில்தான், நிரலில் உள்ள ஒரு பிழையைப் பயன்படுத்தி, செருலியன் நகருக்கு வடக்கே உள்ள பாலத்துக்கு அருகில் அதை உண்மையாகவே பிடிக்கும் வழி வெளியே தெரியவந்தது.

ஆவி வகை மனோசக்தி வகையை வெல்லும் என்ற நம்பிக்கையை உங்களுக்குக் கற்பித்தது அந்த விளையாட்டேதான். மனோசக்திப் பிராணிகள் ஆவிக்கும் பூச்சிக்கும் மட்டுமே அஞ்சும் என்று அதற்குள் வரும் ஒருவர் சொல்கிறார். ஆனால் நிரலை எழுதியபோது நேர்ந்த தவறினால் ஆவியின் அடி மனோசக்தி வகையின் மீது சிறிதும் படாது. சொன்னதை நம்பித் தோற்றுப்போன அண்ணா மீது எந்தக் குறையும் இல்லை. பி பொத்தானும் கீழ் அம்பும் எந்தப் பயனும் தரவில்லை என்பது உண்மை. பிராணி பிடிபடுவது குலுக்கலாக விழும் எண்களைப் பொறுத்தது, அதை விரலின் வலிமை என்று நினைத்தீர்கள், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கைகள் எவையும் எவரையும் நோகச் செய்யவில்லை. பற்றறி பற்றிய நம்பிக்கை அப்படிப்பட்டதல்ல. அது வன்னியில் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டதற்கும் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பற்றறி இங்கே வரக்கூடாத தடைப்பொருளாக இருந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் இரண்டு பற்றறிகளுக்கு இருந்த மதிப்பை அந்தக் காலத்தில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டுப் பார்த்த கைகள் எங்களுடையவை. அப்படிப்பட்ட பொருளை ஒரு சிறுமி கழற்றினாள் என்றதும், நடந்த இழப்பு முழுவதையும் பெரியவர்கள் அவள் தலையில் வைத்தது எனக்கு வியப்பைத் தரவில்லை. ஆனால் அவள் கழற்றியது அம்மம்மாவுக்காக. அதற்காக அடி வாங்கினாள். அந்த வேளையில் நீங்கள் மட்டும், பற்றறியைப் பற்றி அறியாவிட்டாலும், புதிய ஆட்டத்தைத் தொடங்கியது யார் என்பதை அறிந்திருந்தீர்கள்.

ஆகவே சொல்லத்தான் வேண்டும். பகிடிதானே, பழைய கதைதானே என்று நீங்கள் தயங்கலாம். றிமோட்டைத் திறப்பதற்கு முன் இன்றும் கேட்டுவிட்டுக் கழற்றும் ஒருவருக்கு அது பழைய கதையாகவில்லை என்பதை உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் தங்கையிடம் சொல்லுங்கள், அண்ணாவிடம் அல்ல. குழுவில் எழுத வேண்டாம், தொலைபேசியிலும் வேண்டாம். தங்கையின் வீட்டுக்கு நேரில் போங்கள். லொறியில் தொடங்காதீர்கள், மகன் கண்டுபிடித்ததிலும் தொடங்காதீர்கள், ஏனெனில் அந்தக் கதைகள் சுவையானவை, இருவரும் சிரித்துவிடுவீர்கள், சொல்ல வந்தது நின்றுவிடும். “அண்ணாவின் ஆட்டத்தை அழித்தது நான், நீ அடி வாங்கியபோது எனக்கு அது தெரியும்” என்பதை முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவர் கேட்டால் மட்டும் கசெற்றைப் பற்றியும் ஆங்கிலக் கேள்வியைப் பற்றியும் விளக்குங்கள். அவர் அழுதாலும், கோபித்தாலும், “விடு அண்ணா” என்று உடனே மன்னித்தாலும், அவசரப்பட்டு வேறு பேச்சுக்கு மாற வேண்டாம்.

அண்ணாவிடம் எப்போது, யார் சொல்வது என்பதைத் தங்கையிடமே கேளுங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பினால் அழைத்துச் சொல்லுங்கள், அந்தப் பெயரைக் குழுவில் இனி எழுத வேண்டாம் என்றும் கேளுங்கள். அடித்ததற்காக அவர் தங்கையிடம் என்ன சொல்கிறார் என்பதை அவருக்கே விட்டுவிடுங்கள்.

மகனை முதல் நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். இன்னொரு நாள் கூட்டிப் போங்கள். லொறியைத் தேடிய கதையை நீங்கள் அவனுக்குச் சொல்லும்போது, அம்மம்மாவின் றேடியோவில் அன்று பின்னேரம் செய்தி கேட்ட கதையை மாமி சொல்லட்டும்.