சுவரெழுத்து எழுத்துருவில் ஏன் செத்துக் கிடக்கிறது?

தெருச் சுவர்களின் எழுத்துகளைப் படமெடுத்து, கோடு பிசகாமல் வரைந்தும் கணினி எழுத்துரு (ஃபாண்ட்) உயிரில்லாமல் இருக்கிறது என்கிறீர்கள். கோடு பிசகாததுதான் சிக்கல். ‘பக்கம்’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். இரண்டு ககரமும் அச்சு அசலாக ஒன்றே. தூரிகை பிடித்த கை அப்படி எழுதாது. முதல் ககரத்தில் வண்ணம் ததும்பும், அடுத்ததில் வற்றி ஓரம் பிசிறும்.

அடிக்கடி வரும் க, த, ம, ர ஆகியவற்றுக்கு மட்டும் மும்மூன்று வடிவங்கள் வரையுங்கள். ஓப்பன்டைப் என்னும் எழுத்துருக் கோப்பு வகையில், பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் ‘கால்ட்’ (calt) என்ற சூழல்சார் மாற்று வசதி உண்டு. அதில் விதி எழுதினால், அவை மாறி மாறி வந்து விழும். எல்லா எழுத்துக்கும் செய்யத் தொடங்கினால் ஓர் ஆண்டு போய்விடும், வேண்டாம்.

புள்ளியை வட்டக் கருவியால் போட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. சாய்ந்த தூரிகையை ஒருமுறை ஒற்றி எடுத்தால் வரும் வடிவம் வட்டமே அல்ல. உகரச் சுழிகளையும் நகலெடுத்து ஒட்டாதீர்கள். கு, டு, மு மூன்றும் வெவ்வேறாக வளைபவை, எழுதியவரின் குணம் தெரிவதே அங்கேதான்.

எழுத்துகளின் மேலே பூசிய விரிசல் தோற்றத்தைத் தயங்காமல் நீக்குங்கள். விரிசல் சுவருடையது, எழுத்தினுடையது அல்ல.

எழுதிய ஓவியரைக் கண்டுபிடிக்க முடிந்தால், வெளியிடும் முன் அனுமதி கேட்டுவிடுங்கள்.