வாசகர் கேள்வி – பதில்: லினக்ஸில் வைஃபை வராவிட்டால்

கட்டளைகளை ஒலிப்படி அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில், பழைய பென்டிரைவில் இருந்த உபுண்டு 22.04 போட்டேன். வைஃபை என்ற பேச்சே இல்லை. லேன் போர்ட்டும் கிடையாது. கடையில் "கார்டு போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். விண்டோஸில் ஓடியதே? எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டியதைப் படமெடுத்து அனுப்பியுள்ளேன்.
– அல்சூர் வாசகர்

பதில்: விண்டோஸில் ஓடிய கார்டு நல்ல கார்டுதான். காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

லேப்டாப் மாடல் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. ஒரே மாடலில் ஒரு பெட்டியில் இன்டெல் சிப் இருக்கும், அடுத்த பெட்டியில் ரியல்டெக் இருக்கும். பார்க்க வேண்டியது சிப்பின் எண்ணை. 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று அடித்தால் வரும் நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியில், சதுர அடைப்புக்குள் அது இருக்கும். உங்கள் படத்தில் 10ஈசி:பி852. அதாவது ரியல்டெக் 8852பிஈ. அதன் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லை, கவனித்தீர்களா? உங்கள் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) இந்தச் சிப்பைத் தெரியவே தெரியாது. இதற்கான டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) கர்னல் 6.2-ல்தான் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் வந்த முதல் 22.04-ல் இருப்பதோ 5.15. 'யூநேம் -ஆர்' அடித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி இணையம் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் சொருகி (சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் உதவாது) ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். உபுண்டு அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு 'சூடோ ஏபிடி அப்டேட்', அடுத்து 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஈ-22.04 லினக்ஸ்-ஃபர்ம்வேர்'. கர்னல் மட்டும் புதிதாகி ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் கோப்பு) பழையதாக நின்றால் சிப் எழாது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம். ரீபூட் செய்தால் வைஃபை வந்துவிடும்.

கிட்ஹப்பில் டிரைவரை இறக்கி 'மேக் இன்ஸ்டால்' செய்யச் சொல்பவர்கள் உண்டு. அது அன்றைக்கு ஓடும். அடுத்த கர்னல் அப்டேட்டில் போய்விடும், ஏனென்றால் அது அந்த ஒரு கர்னலுக்காகவே கட்டப்பட்டது. வேறு வழியே இல்லாத சிப் என்றால் டிகேஎம்எஸ் வடிவத்தில் போடுங்கள். ஒவ்வொரு கர்னலுக்கும் அது தானே மறுபடி கட்டிக்கொள்ளும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் அமைப்பு) போட்டிருந்தால் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட்டில் நீலத் திரை வந்து 10 நொடி எண்ணும். அதற்குள் ஒரு கீயைத் தட்டி 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். திரை போய்விட்டால் டிரைவர் இருந்தும் 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று கர்னல் தள்ளிவிடும்.

கேள்வி: பழைய லேப்டாப், ரியல்டெக் 8723பிஈ. ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஒரு கோடு சிக்னல். சமையலறைக்குப் போனால் அதுவும் இல்லை.
– ஸ்ரீராமபுரம் வாசகி

பதில்: இது டிரைவர் குறையும் இல்லை, ரூட்டர் குறையும் இல்லை. அந்தக் கார்டில் ஆன்டெனா மாட்ட இரண்டு இடம் உண்டு. சில லேப்டாப்களில் ஒரே ஒரு ஒயரைத்தான் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒயர் ஒரு முனையில் இருக்க, டிரைவர் காலியான முனையில் காது வைத்துக்கொண்டிருக்கிறது. முனையை நாம் சொல்லிக் கொடுக்கலாம்.

'ஐடபிள்யூ டெவ்' அடித்தால் இன்டர்ஃபேஸின் பெயர் தெரியும். 'ஐடபிள்யூ டெவ்', அந்தப் பெயர், 'லிங்க்' என்று அடித்து, சிக்னல் வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். -85 மாதிரி இருக்கும். பிறகு 'சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஈ', தொடர்ந்து 'சூடோ மோட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஈ ஏஎன்டி_எஸ்ஈஎல்=2'. அதே நாற்காலியில் இருந்தபடி மறுபடி பாருங்கள். -50, -60 என்று பூஜ்யத்தை நோக்கி வந்தால் ஜெயம். வராவிட்டால் 2-க்குப் பதில் 1 போட்டு இரண்டு கட்டளைகளையும் மறுபடி அடியுங்கள். சரியான எண் கிடைத்ததும் ஈடிசி அடைவின் உள்ளே மோட்ப்ரோப்.டி அடைவில், டாட் கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு உண்டாக்கி, 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஈ ஏஎன்டி_எஸ்ஈஎல்=2' (1 சரிப்பட்டிருந்தால் 1) என்ற ஒரே வரியைச் சேமியுங்கள். இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் பழைய கதைதான்.

கேள்வி: டெபியன் 11, இன்டெல் கார்டு. 'நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்' என்கிறது.
– விவேக் நகர் வாசகர்

பதில்: இங்கே டிரைவர் இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கோப்புதான் இல்லை. சோர்சஸ் பட்டியலில் (பொதிகள் எங்கிருந்து வரும் என்று சொல்வது) 'நான்-ஃப்ரீ' சேர்த்து 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை' பொதியை நிறுவுங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் உண்டு. ஆனால் 11-லிருந்து 12-க்கு ஏறும்போது பட்டியலில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற புதுப் பிரிவையும் எழுத மறக்காதீர்கள். மறந்தால் ஃபர்ம்வேருக்கு அப்டேட்டே வராது, அது நின்றுபோனதும் உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: லினக்ஸுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு பெங்களூரு எஸ்பி ரோட்டில் டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் யூஎஸ்பி வைஃபை கருவி வாங்கினேன். வேலை செய்யவில்லை.
– ராமமூர்த்தி நகர் வாசகர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது முதல் பதிப்பைப் பற்றி. அதில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் 8188ஈயூஎஸ். பெயர் ஒன்றுதான், உள்ளே ஆள் வேறு. 'எல்எஸ்யூஎஸ்பி'யில் 0சிஎஃப்3:9271 என்றால் முதல் பதிப்பு, 2357:010சி என்றால் பிந்தையது. பிந்தையதைப் புதிய கர்னலில் முயன்று பாருங்கள். இனி வாங்கும்போது பெட்டி ஸ்டிக்கரில் 'வெர்' எண்ணைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கிறது. விண்டோஸை மூடிவிட்டு லினக்ஸுக்கு வந்தால் சில நாட்களில் மட்டும் வைஃபை காணாமல் போகிறது.
– கே.ஆர்.புரம் வாசகி

பதில்: விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' கணினியை முழுதாக அணைப்பதில்லை. கார்டு பாதித் தூக்கத்தில் சிக்கிக்கொள்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்துங்கள். இன்றைக்கே வைஃபை வேண்டுமென்றால் விண்டோஸுக்குள் போய் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்துவிட்டு வாருங்கள்.