ராஜஸ்தான் சுற்ற ‘ஓப்பன் ஜா’ டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு ஊரில் இறங்கி, வேறொரு ஊரிலிருந்து வீடு திரும்பும் விமான டிக்கெட்தான் அது. டவுன் பஸ்ஸில் பின்படியில் ஏறி முன்படியில் இறங்குவதைப் போல.

பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய மாநிலம் ராஜஸ்தான். ஜெய்ப்பூரிலிருந்து பாலைவன ஊரான ஜெய்சல்மேருக்கே சுமார் 550 கி.மீ. திரும்பவும் ஜெய்ப்பூருக்கே வந்தால் ஒரு முழுப் பகல் வீண். அதற்குப் பதிலாக ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் என மேற்கே போய், அப்புறம் ஜோத்பூர் வழியாகவே தெற்கே இறங்கி உதய்ப்பூரில் விமானம் ஏறலாம். ஜோத்பூர்–உதய்ப்பூர் வழியில் ஆரவல்லி மலைக்குள் ரணக்பூர் சமணக் கோயில் இருக்கிறது. என்னைக் கேட்டால், உதய்ப்பூர் ஏரிகளில் அரை நாளைக் குறைத்து இதற்குக் கொடுப்பேன்.

இப்படி எடுத்தால் செலவு இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்நாட்டு விமானங்களில் போகவும் வரவும் பெரும்பாலும் தனித்தனி விலைதான், அதனால் அப்படி ஆவதில்லை.